சும்மா தொட்டி

அக்காவிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டாள். "எதுக்குக் கேக்கறே?" என்பாள். எங்கேயாவது கிளம்புகிறாயா, யாராவது வருகிறார்களா, உன் கடிகாரத்துக்கு என்ன ஆயிற்று என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, தன் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டும் ஒத்துப்போகலே" என்று போய்விடுவாள். பதினாறு வருடம் மணி தெரியாமலேயே அவளோடு வேலை பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் ஸ்டோர்காரன். குடுவை, குழாய், அமிலம், கையுறை, சோப்பு எல்லாம் என் அலமாரியிலிருந்துதான் போகவேண்டும். அக்கா எதிர் அறையில், மீன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவள், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை "தம்பி" என்று கூப்பிட்டு, என் சாவிக்கொத்தை வாங்கி எண்ணிப் பார்த்தவள். துறையில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அது அவளுக்கும் தெரியும். யார் வைத்தது என்றுதான் இன்னும் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். நான்தான் வைத்தேன்.

அவள் சந்தேகப் பிராணியாகவே பிறந்துவிடவில்லை. சேர்ந்த புதிதில் மீன்குஞ்சுத் தொட்டியில் ஒரு வெப்பமானி தொங்கியது. தினமும் காலையில் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு என்று மூன்று வாரம் எழுதினாள். வெப்பமானி என்றைக்கோ கெட்டு இருபத்தாறிலேயே நின்றுபோனது யாருக்கும் தெரியாது. தண்ணீரைச் சூடாக்கும் கம்பியும் பழுதாகி நிற்காமல் சூடேற, ஒருநாள் காலையில் இருநூறு குஞ்சுகளும் வெந்து மிதந்தன. அப்போதிருந்த தலைவர் எல்லோர் முன்னாலும், "கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவள் எந்த முள்ளையும் எந்த எண்ணையும் நம்பியதில்லை. தினமும் காலையில் வலது கையை மணிக்கட்டுவரை தண்ணீரில் விட்டு, மனசுக்குள் பத்து எண்ணுவாள். பிறகுதான் புது வெப்பமானியைப் பார்ப்பாள். "கருவி பொய் சொல்லும் தம்பி. கை சொல்லாது."

வீட்டிலும் அதே கதைதான். கணவர் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். பாவம், நல்ல மனிதர். காரணமில்லாமல் சிரிக்கும் பழக்கத்தைக் கல்யாணமான முதல் வருடத்திலேயே விட்டுவிட்டார். உப்புப் பாக்கெட்டைக்கூட அக்கா பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் கூடையில் போட மாட்டாள். எட்டு வயதில் ஒரே மகள். அந்தப் பெண்ணைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தாள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பட்டம் வர இன்னும் ஒரு வருடம் இருந்ததால் நான் அவளைப் பாதி டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஆராய்ச்சி பூச்சி மருந்தைப் பற்றியது. வயலில் மருந்து அடிக்கிறார்கள், மழை பெய்கிறது, மருந்து கழுவிக்கொண்டு குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறது. மீன் செத்து மிதந்தால் ஊரே பார்க்கும். சாகாத அளவுக்குக் கொஞ்சமாக மருந்து கலந்தால்? அந்த மீனுக்கு என்ன ஆகிறது? அதுதான் அவள் கேள்வி.

விலை கூடிய ஓர் அமிலத்தை அவள் கேட்டபோது, எதற்கென்று தெரியாமல் தரமாட்டேன் என்று நான் முறுக்கிக்கொண்டேன். அப்போது பொறுமையாக விளக்கினாள். "அண்ணா, உடம்புக்குள்ள போன மருந்தை மீனோட ஈரல் உடைச்சு வெளியே தள்ளப் பாக்கும். அப்படி உடைக்கும்போது அடுப்புல விறகு வெடிச்சுப் பொறி பறக்குமில்லே, அந்த மாதிரி ஒண்ணு பறக்கும். பொறி விழற எடமெல்லாம் கருகும். அதை அணைக்கறதுக்கும் உடம்புலயே ஆளுங்க உண்டு. கேட்டலேஸ்னு ஒரு நொதி, இன்னும் ரெண்டு மூணு. பொறி அதிகமாயிட்டா இவங்களால சமாளிக்க முடியாது. அப்புறம் செல்லுல இருக்கிற கொழுப்பு, வெயில்ல வெச்ச எண்ணெய் மாதிரி காறிப்போயிடும்."

"காறிப்போச்சுன்னு எப்படித் தெரியும்? மோந்து பாப்பியா?"

"அதுக்குத்தான் இந்த அமிலம். ஈரலை அரைச்சு, இதை விட்டு, கொதிக்கிற தண்ணியில வெச்சா, காறியிருந்தா ரோஸ் கலர் வரும். எவ்வளவு காறல் இருக்கோ அவ்வளவு ரோஸ்."

அமிலத்தைக் கொடுத்தேன். அந்த மீன் நீந்தும், தின்னும், பார்க்க ஒரு குறையும் தெரியாது, ஆனால் உள்ளே ஈரல் காறிக்கொண்டிருக்கும் என்பதைக் கேட்ட பிறகு ஒரு வாரம் எனக்குக் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்று கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் கெண்டை மீன்கள். ஒன்றில் துளி மருந்து, ஒன்றில் அதைவிடக் கூட. மூன்றாவதில் ஒன்றுமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு தொட்டி வேண்டும். காகிதத்தில் அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். எங்கள் வாயில் அது சும்மா தொட்டி. சும்மா தண்ணீர், சும்மா மீன். ஆனால் அந்தச் சும்மாவை நம்பித்தான் மொத்த ஆராய்ச்சியும் நின்றது. அதில் ஏதாவது கலந்தால் எல்லாம் குட்டிச்சுவர்.

அதனால் கட்டுப்பாடு பலமாக இருந்தது. மருந்துத் தொட்டிகளைத் தொடுகிறவள் பாதி டாக்டர். அவள் சும்மா தொட்டிப் பக்கமே வரமாட்டாள். சும்மா தொட்டிக்கு மூன்று நாளுக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றுகிறவர் பம்ப் அண்ணன். வளாகம் முழுவதற்கும் மோட்டார் போடுகிறவர், ஐம்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். பம்ப் அறையை ஒட்டிய ஓர் அறைதான் அவருக்கும் அவர் மனைவிக்கும் வீடு. தீனி போடுவதும் தினம் கையை விட்டுப் பார்ப்பதும் அக்கா. மற்ற தொட்டிகளில் மருந்து இருப்பதால் அங்கே கையுறை போட்டுக்கொள்வாள். "சும்மா தொட்டிக்கு எதுக்குக் கையுறை?" என்று இங்கே வெறுங்கையை விடுவாள்.

இருபத்தெட்டாம் நாள் மூன்று தொட்டியிலிருந்தும் மீன் எடுத்து, ஈரல் அரைத்து, அமிலம் விட்டு, கொதிநீரில் வைத்தார்கள். சும்மா தொட்டியின் குழாய்கள் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்திருக்க வேண்டும். வெளியே எடுத்தபோது அவையும் ரோஸ். பாதி டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "எட்டு மாச உழைப்பு" என்று ஒருதரம் சொன்னாள்.

துறைத் தலைவர் வந்து குழாய்களைப் பார்த்தார். "யாரோ எதையோ கலந்திருக்காங்க. யார் யார் தொட்டது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான், அக்காவுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

முதலில் பக்கத்து ஆய்வுக்கூடத்தின் மேல் பாய்ந்தாள். அங்கே ஒருவன் பாதி டாக்டரைப் பார்த்து முறைத்தானாம். அடுத்தது என்னிடம் வந்தாள். "தம்பி, அந்த அமில பாட்டில் சீலோட வந்துச்சா, இல்லே நீ தொறந்தியா?" எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வருடம் ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடித்தவள் கேட்கிற கேள்வியா இது? "தொறந்து ரெண்டு மடக்குக் குடிச்சேன், மீதியைத்தான் கொடுத்தேன்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேசாமல் இருப்பவன் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குப் பட்டிருக்கும்.

மூன்றாம் நாள் பம்ப் அறைக்குள் புகுந்தவள் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற ஸ்ப்ரே. மேலே எழுத்தெல்லாம் துருவேறி அழிந்திருந்தது. சும்மா தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிற பக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்ததாம். அதை அவள் தலைவரின் மேசைமேல் வைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். புலியைச் சுட்டுக் கொண்டுவந்தவள்கூட அவளிடம் தோற்றிருப்பாள்.

பம்ப் அண்ணனைக் கூப்பிட்டார்கள். "ஆமாங்க சார், கரப்பான் தொல்லைன்னு அடிச்சேன். பக்கெட் மேல படலீங்க" என்றார்.

"பக்கெட்டைக் கழுவித்தான் எடுத்தீங்களாண்ணே?" என்று அக்கா கேட்டாள்.

"கழுவித்தாம்மா எடுப்பேன்."

"தினமுமா? ஒருநாள்கூடத் தவறாம?"

அவர் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. அக்கா தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். அன்று மாலையே, தான் பார்த்ததையும் கேட்டதையும் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பம்ப் அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். பதினைந்து நாளில் விசாரணை. குற்றம் என்று ஆனால் வேலை போகும், வேலையோடு அந்த ஓர் அறை வீடும் போகும். நெருப்பில்லாமல் புகையுமா என்று நானும்தான் நினைத்தேன். இப்போது நல்லவன் வேஷம் போட்டு என்ன பயன்?

பத்து நாளில், வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்த தண்ணீரின் அறிக்கை வந்தது. சும்மா தொட்டித் தண்ணீரில் ஒரு மருந்து இருந்தது. மிகமிகக் கொஞ்சம், ஆனால் இருந்தது. பாதி டாக்டர் அதன் பெயரைப் படித்தாள்: பெர்மெத்ரின். "இது நான் போட்ட மருந்து இல்லே. வீட்டுல பூச்சி புழுவுக்குப் பயன்படுத்தறது. நமக்கு அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, மீனுக்கு ஆகவே ஆகாது. செவுள் வழியா ஏறிடும், சீக்கிரம் வெளியே தள்ளத் தெரியாது."

"பூச்சி புழுன்னா கரப்பானும்தானே? நான் சொல்லலே?" என்றாள் அக்கா. பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுத்துக்கூட்டி எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பம்ப் அண்ணன் அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று விசாரித்து, விசாரணையில் அதையும் சொல்லப்போகிறாளாம்.

மறுநாள் காலையில் வீட்டில் நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பேன் பரவியது. பக்கத்தில் உட்காரும் பெண்ணின் தலையிலிருந்துதான் வந்தது என்று அக்கா முடிவுகட்டியிருந்தாள். மருந்துக் கடையில் பேன் மருந்து வாங்கி, ஒருதரம் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பேன் போய்விட்டது. போய்விட்டது என்று மற்றவர்கள் நம்புவார்கள், அக்கா நம்புவாளா? அந்தப் பெண் தினமும் பக்கத்தில்தானே உட்காருகிறாள்! அதனால் தினமும் காலையில் வகிட்டிலும் காதுக்குப் பின்னாலும் துளித் துளி தேய்த்துப் பின்னி அனுப்பினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

"எரியுதும்மா" என்று மகள் சொல்லியிருக்கிறாள். கடைக்காரன் நாள் கடந்த மருந்தைத் தலையில் கட்டிவிட்டானோ என்று இவளுக்குச் சந்தேகம். தேதி பார்க்க பாட்டிலைத் திருப்பினாள். உப்புப் பாக்கெட்டைப் படிக்கிறவள் இதை மட்டும் அதுவரை திருப்பிப் பார்த்ததில்லை. மருந்துக் கடையில் கொடுத்த மருந்தாயிற்றே! காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து, எங்கள் தொட்டியில் அளந்து விடுவதும் மருந்து. ஒருவன் விஷம் குடித்தான் என்றாலும் "மருந்தைக் குடிச்சுட்டான்" என்றுதான் சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, எதைச் சந்தேகப்படுவது, எதை நம்புவது? தேதிக்குக் கீழே, எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. கைப்பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தாளாம். இரண்டுதரம்.

அன்று ஸ்டோருக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பதினாறு வருடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. வலது கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு தம்பி."

"சோப்பு வாசனைதான் வருது."

"எனக்கும் அதான் வருது" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

வேலியே பயிரை மேய்ந்த கதை. யாரையும் நம்பாமல் அவள் தினமும் விட்ட கைதான் இருபத்தெட்டு நாளும் சும்மா தொட்டிக்குள் மருந்தைக் கொண்டுபோனது. மற்ற தொட்டிகளில் கையுறை காப்பாற்றிவிட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே பயம் வந்தது. "அக்கா, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாயைத் தொறக்காதே. உன் வேலையே போயிடும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எதுக்கு என்னைக் காப்பாத்தப் பாக்கறே?"

அந்த நிலைமையிலும் கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

"பம்ப் அண்ணனுக்கு வீடு போயிடும் தம்பி" என்றாள். "நான் எழுதிக் கொடுத்த ரெண்டு பக்கத்தால போகும். ஆனா பாட்டில்ல பேரு இருக்குங்கறதை வெச்சு நான்தான்னு சொல்லிட முடியாது. பக்கெட்டும் காரணமா இருக்கலாம். பாத்துடணும்."

பார்த்தோம். கையில் நான்கு நாள்தான் இருந்தது. என் அலமாரியிலிருந்து மூன்று பெரிய கண்ணாடி ஜாடிகள் கொடுத்தேன். மூன்றிலும் புது மீன் விட்டோம். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில், பம்ப் அண்ணனின் பக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி அந்த ஸ்ப்ரேயை அடித்து, பக்கெட்டைக் கழுவாமல் எடுத்து ஊற்றிய தண்ணீர். மூன்றாவதில் சும்மா தண்ணீர்தான், ஆனால் தினமும் காலையில் அக்கா பேன் மருந்தைத் தன் தலையிலேயே தேய்த்து, வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவி, கையை விட்டுப் பத்து எண்ணினாள். அந்த நான்கு நாளில் மகளை மருத்துவரிடமும் காட்டினாள். தலையில் ஒரு பேன்கூட இல்லை, மருந்து பட்டுப் பட்டுத்தான் தோல் புண்ணாகியிருக்கிறது, நிறுத்தினால் ஆறிவிடும் என்றாராம் மருத்துவர். அதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் ஈரல்களை எடுத்து மூன்று கிண்ணங்களில் வைத்தாள். வைத்ததும் என்னைக் கூப்பிட்டாள். "இதுக்கு மேல எது எந்த ஜாடின்னு எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கண்ணு எனக்கு வேணுங்கறதைத்தான் பாக்கும். நான் வெளியே போறேன், நீ எடத்தை மாத்தி வை." தன்னையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டாள். கிண்ணங்களை மாற்றி வைத்து, சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று நூல் கட்டினேன். எது எதுவென்று எழுதிய தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அரைத்தாள், அமிலம் விட்டாள், கொதிநீரில் வைத்தாள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். குழாய்களை எடுத்தபோது வெள்ளை நூல் தெளிவு. கறுப்பு நூலும் தெளிவு. சிவப்பு நூல் கட்டிய மூன்று குழாயும் ரோஸ்.

"எது தம்பி அது?"

சட்டைப்பையில் தாள் இருந்தது. பக்கெட் என்று சொல்லிவிட்டால் போதும். அவள் வேலை தப்பும், நாளைக்கும் எனக்கு டீ குடிக்க ஆள் இருக்கும். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள், "தாளைக் கொடு" என்று கையை நீட்டினாள். நல்லவேளை, அவள் என்னை நம்பவில்லை.

விசாரணை தலைவர் அறையில் நடந்தது. நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பாதி டாக்டரும் நானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். பம்ப் அண்ணன் வெளியே பெஞ்சில் இருந்தார். அக்கா பேன் மருந்து பாட்டிலை மேசையில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும் தப்பு என்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பம்ப் ஆபரேட்டர் வீட்டம்மா வந்து அழுதாங்களா?"

"இல்லே சார்."

"அப்ப யார் சொல்லி இப்படிப் பேசறீங்க? திடீர்னு வந்து நான்தான்னா எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம் சார். குழாய் இருக்கு, மிச்ச ஈரல் இருக்கு. நீங்களே ஒருதரம் பாத்துடுங்க."

பாதி டாக்டர் எழுந்தாள். "நான் பாத்துட்டேன் சார். காலையில மிச்ச ஈரலை வெச்சு நானே மறுபடி செஞ்சேன். இவங்க சொல்றதுதான் சரி." அவளுக்கு அக்காமேல் கோபம் இருந்தது, குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் சொன்னாள்.

அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "அது சரி, அப்ப இது என்ன? இன்னிக்குக் காலையில பம்ப் ஆபரேட்டரே எழுதிக் கொடுத்திருக்காரு. தான்தான் கவனக்குறைவா மருந்து பட்ட பக்கெட்டுல தண்ணி எடுத்ததா."

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். கோணல் மாணலாக ஆறே வரி. கீழே கையெழுத்து. அவள் எத்தனை தரம் படித்தாள் என்று தெரியாது, அதிகாரி கை நீட்டிக் கேட்கும்வரை கொடுக்கவில்லை. யாரோ மிரட்டி வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பம்ப் அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். பதினைந்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். தப்பு அவர்மேல் இல்லை, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று தலைவர் சொன்னார். அவர் சந்தோஷப்படவில்லை. புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"செய்யாததைச் செஞ்சேன்னு ஏன்யா எழுதினீங்க? யாராவது எழுதச் சொன்னாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க." அவர் அக்காவைப் பார்த்தார். "பதினஞ்சு நாளா நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பக்கெட்டைக் கழுவின மாதிரிதான் ஞாபகம். ஆனா தங்கச்சி கழுவலேன்னு சொல்லுது. அது எதையும் பாக்காம சொல்லாதுங்க. நாலுதரம் பாத்துட்டுத்தான் சொல்லும். அதனால, எனக்குத்தான் மறந்துபோச்சு, நான்தான் செஞ்சிருப்பேன்னு முடிவு பண்ணிட்டேன்."

மணி கேட்டால் மூன்று கேள்வி கேட்கிறவள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் ஒருவரையும் நம்பாதவளை இந்த மனிதர், தன் ஞாபகத்தைவிட அதிகமாக நம்பியிருக்கிறார். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"தப்பாச் சொல்லிட்டேண்ணே" என்றாள் கடைசியில். "பாக்காமலே சொன்னேன். பக்கெட்டை நீங்க கழுவினதையும் நான் பாக்கலே, கழுவாததையும் பாக்கலே."

அவர் தலையாட்டினார். அதிகாரி அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, கிழித்துப் போட்டுவிடச் சொன்னார். பம்ப் அண்ணன் வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அக்காவிடம் நீட்டினார்.

"நீயே கிழிச்சுடும்மா. நான் கிழிச்சா, செஞ்சதை மறைக்கத்தான் கிழிச்சேனோன்னு நாளைக்கு எனக்கே தோணும்."

அக்கா இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு வரியாகக் கிழித்தாள்.